செருப்புக்குச் செத்த மனுசன்

செருப்பைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கு அது பழகிவிட்டது.

திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நிற்கும் ஒரு கப்பல் முகவர் கம்பனியில், கட்டடப் பாதுகாப்பு உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் காலத்தில் ஒரு நாள் அந்தக் கட்டடத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். அன்றைக்கு இறந்தவர் ஒருவர்தான். ஆவணப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்த மஃறூப், மூதூர்க்காரர். அவருடைய சாவைப் பற்றிக் கம்பனியின் விசாரணை அறிக்கையில் ஒரு வாக்கியம் இருக்கிறது: 'தனது பாதணிகளை எடுப்பதற்காக, அறிவுறுத்தலுக்கு மாறாக, பூட்டியிருந்த கதவைத் திறந்து வெளியேறினார்.' அந்த வாக்கியம் பொய். அதை வெட்டச் சொல்லி மஃறூப்பின் மனைவி ஹாஜராவும் நானும் ஏறாத படியில்லை. வாக்கியம் அப்படியே இருக்கிறது.

போன மாதம் என்னுடைய இடத்தில் இப்போது இருக்கும் உத்தியோகத்தர் தர்சினி தொலைபேசி எடுத்தார். வருடாந்தப் பாதுகாப்புப் பயிற்சியில் என் அனுபவத்தைப் பேச வேண்டுமாம். அனுபவம்! அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அங்கே பேசியிருந்தால் தேநீர் இடைவேளையோடு மறந்திருப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது சண்டைக் காலம். பாதுகாப்பு என்றால் பங்கர், மணல் மூட்டை, யன்னல் கண்ணாடிக்குக் குறுக்கே ஒட்டிய பசைநாடா. வெடிச் சத்தம் கேட்டால் என்ன செய்வதென்று இந்த ஊரில் ஒருவருக்கும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. நடக்கப் பழகும் பிள்ளையும் குப்புறப் படுக்கும். சத்தம் ஓய்ந்ததும் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ சேர்ச்சுக்கோ ஓடுவோம். எல்லோரும் ஒரே இடத்தில் குந்தியிருந்தால் காப்பு என்பது எங்கள் எலும்பில் ஊறிய பாடம்.

சண்டை முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் எனக்குப் புதுப் பாடம் எடுத்தார்கள். கட்டடத்துக்குள் ஒருவன் ஆட்களைத் தேடிச் சுட்டுக்கொண்டு வந்தால் என்ன செய்வது? நாங்கள் பழகியது அத்தனையும் அங்கே பிழையாகிப் போனது. வெளியே போக வழி இருந்தால் எதையும் எடுக்காமல் ஓட வேண்டும். வழி இல்லையென்றால் ஓர் அறைக்குள் புகுந்து கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, போனின் வாயை அடைத்து, கதவுக்கு நேரே இல்லாமல் சுவரோடு ஒதுங்க வேண்டும். அதுவும் முடியாதென்றால் கையில் கிடைத்ததைக் கொண்டு அவனை அடிக்க வேண்டும். பூட்டிய கதவைப் பொலிஸ் வந்து சொல்லும்வரை திறக்கக் கூடாது. அறையில் ஆள் இருப்பது வெளியே தெரியக் கூடாது என்பதுதான் இதில் உயிர்நாடி. சொல்லித் தந்தவர் வெளிநாட்டுக்காரர், நல்ல மனிதர். அவருடைய ஊரில் சப்பாத்தோடு படுக்கையறை வரை போவார்களாம். அதனால் அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டதற்கு அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்து எங்கள் கட்டடத்தில் அறை அறையாகப் பார்த்தேன். மூன்று மாடி. கீழேயும் முதல் மாடியிலும் எங்கு பார்த்தாலும் கண்ணாடி. கப்பல் தெரிய வேண்டுமென்று ஆசைப்பட்டுக் கட்டிய கட்டடம், உள்ளே இருப்பவனும் தெரிவான். ஒளிக்கத் தகுந்த இடம் என்று இரண்டாம் மாடியில் விழாக்கள் வைக்கும் ஒரே ஒரு ஹோல்தான் இருந்தது. கொங்கிறீட் சுவர், தடித்த மரக்கதவு, உள்ளே தாழ்ப்பாளாக இரும்புத் திறாங்கு. இரண்டாம் மாடிக்காரர்கள் வெளியே ஓட முடியாவிட்டால் அந்த ஹோலுக்குள் போக வேண்டும் என்று நான்தான் முடிவெடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதல் ஒத்திகையில் ஒலிபெருக்கியில் 'லொக்டவுன்' என்று அறிவித்தேன். பயிற்சியில் படித்த சொல். கணக்குப் பிரிவில் பாதிப் பேர் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"என்ன சேர், திரும்பவும் கொரோனாவோ? பஸ் ஓடுமோ?" என்று கேட்டார் சாரதா. கணக்குப் பிரிவில் மூத்தவர், சல்லிக் கிராமத்துக்காரர், வாய் கொஞ்சம் நீளம்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டு, 'கதவைப் பூட்டுங்கோ, உள்ளுக்கே இருங்கோ' என்று மாற்றினேன். சிங்களத்திலும் அப்படியே நேராகச் சொல்ல வைத்தேன்.

இரண்டாவது ஒத்திகையில் துப்பாக்கிக்காரன் வேடம் எனக்கு. கையில் குடை. இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு மூச்சுச் சத்தம் இல்லை, விளக்கு இல்லை, போன் இல்லை. ஆட்கள் எங்கே என்று பழக்கமில்லாதவனுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஹோல் கதவுக்கு வெளியே செருப்புகள் கிடந்தன. ஆண்கள் செருப்பு, பெண்கள் செருப்பு, குதி உயர்ந்தது, றப்பர், எல்லாம் சோடி சோடியாக, முன்பக்கம் வெளியே பார்த்தபடி, கோயில் வாசலில் கூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

குடையால் கதவைத் தட்டினேன். "எல்லாரும் செத்துப்போனீங்கள். வெளியில வாங்கோ."

ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் கழற்றியதே நினைவில்லை. அந்த ஹோலில்தான் வாணி விழாவும் நோன்பு துறப்பும் வெசாக் பக்திப் பாட்டும் நடக்கும். வாசலில் 'பாதணிகளைக் கழற்றிவிட்டு உட்செல்லவும்' என்று மூன்று மொழியில் பலகை. இந்த ஊரில் எதற்கும் ஒத்துவராத சனங்கள் ஒத்துப்போகும் ஒரே இடம் செருப்புக் கழற்றுகிற வாசல்தான். கால் தானாகக் கழற்றும், மூளைக்கு அங்கே வேலையில்லை.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காதவர் மஃறூப் ஒருவர்தான். மெலிந்த மனிதர், தினமும் மூதூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். மற்றவர்கள் உதறிவிட்டுப் போகும் செருப்பைக் காலால் சோடி சேர்த்து நேராக்கிவிட்டுத்தான் உள்ளே போவார். அன்றைக்கும் அந்த ஒழுங்கு அவருடைய வேலைதான்.

"அப்ப செருப்ப என்ன செய்யிற அண்ணன்?" என்று கேட்டார்.

"போட்டுக்கொண்டு போங்கோ. கழட்டினா கையோட உள்ளுக்கு எடுங்கோ. வெளியில ஒண்டும் கிடக்கக் கூடாது."

"சரி அண்ணன்."

பலகையைக் கழற்ற அனுமதி கேட்டு ஜீ.எம்.மிடம் போனேன். எங்கள் பொது முகாமையாளரை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கூட்டுகிற பெண்ணையும் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். போத்தலிலிருந்து தானே தேநீர் ஊற்றித் தருவார். நீங்கள் சொல்வதை முழுக்கக் கேட்பார், தலையாட்டுவார். பிறகு மேசையில் கிடக்கும் பேனையை எடுத்துக் கோப்பின் ஓரத்துக்கு நேராக வைத்து, "பார்ப்பம்" என்பார். அந்தப் 'பார்ப்பம்' வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் மனிதனோடு சண்டை பிடிக்கலாம். பார்ப்பம் என்பவனோடு என்ன செய்ய முடியும்?

"செருப்போட ஹோலுக்குள்ள போறது எங்கட பழக்கம் இல்லைத்தானே," என்றார். "அதோட நிலத்தில விரிச்சிருக்கிற அந்தக் காப்பட். சேர்மன் வரேக்க கொழும்பில இருந்து இறக்கினது. ஊத்தையாப் போகும்."

"அப்ப கதவுக்கு உள்பக்கம் ஒரு செருப்புத் தட்டு அடிப்பம் சேர். நம்மட தச்சனே அடிப்பான்."

"உள்ளுக்கு மணக்குமே."

"துவக்கோட வாறவனுக்கு வெளியில கிடக்கிற செருப்பு வழி காட்டும் சேர்."

அவர் சிரித்தார். பேனையை நேராக்கினார். "பார்ப்பம்."

அதற்குப் பிறகும் பலமுறை கேட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பலகை இருந்தது, காப்பட் சுத்தமாக இருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். சுட்டவன் வெளியிலிருந்து கூலிக்கு எடுத்த காவலாளிகளில் ஒருவன். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தான். அவனுடைய பெயரையும் அவனுடைய கோபத்தையும் இங்கே எழுத மாட்டேன், அவனைப் பற்றிப் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதிவிட்டன. காலைத் தேநீர் முடிந்த நேரம். நான் கீழ்மாடிப் பின்புறத்தில், கமராத் திரைகளும் ஒலிபெருக்கியும் இருக்கும் சின்ன அறையில் இருந்தேன். வாசலில் முதல் வெடி. வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் கையில் காயம், அவர் மேசைக்குக் கீழே உருண்டு தப்பினார். நான் பொலிசுக்குச் சொல்லிவிட்டு மைக்கை எடுத்தேன். மூன்று மொழியிலும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

கீழ்மாடிச் சனம் பின்கதவால், படகு கட்டும் ஜெட்டிப் பக்கம் ஓடியது. நல்லது. அவன் படியேறி முதல் மாடிக் கண்ணாடிக் கதவுகளைச் சுட ஆரம்பித்தான். அங்கே இருந்தவர்கள் வெளிப்படியால் இறங்கிவிட்டார்கள். இரண்டாம் மாடிக்காரர் அவன் நிற்கும் மாடியைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், அவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. அவர்கள் ஹோலை நோக்கி ஓடி வருவது திரையில் தெரிந்தது.

கீழே வெடி கேட்கிறது. மரணம் ஒரு மாடி தள்ளி நிற்கிறது. அவர்கள் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார்கள். ஒவ்வொருவரும். சாரதாவின் செருப்பு ஒன்று கவிழ்ந்துபோக, குனிந்து அதை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார். எனக்கு வாய் விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. கடைசியாக வந்தவர் மஃறூப். அவரும் பழக்கத்தில் கழற்றினார், ஆனால் தன்னுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. வெளியே அத்தனை செருப்பும் கிடந்தன.

பிறகு கதவு மெல்லத் திறந்தது. மஃறூப் வெறுங்காலோடு வெளியே வந்து குந்தினார். செருப்புகளை அள்ளி அள்ளி உள்ளே நீட்டினார். உள்ளிருந்து சாரதாவின் கை வாங்கிக்கொண்டது. கீழே அவன் படியில் கால் வைத்துவிட்டதை அடுத்த திரையில் பார்த்தேன். மைக் என் கையில் இருந்தது. 'மஃறூப், உள்ளே போங்கோ' என்று சொல்ல ஒரு விரல் அழுத்தினால் போதும். சொன்னால் அவனுக்கும் கேட்கும், ஹோலுக்குள் ஆட்கள் இருப்பது அவனுக்கும் தெரியும். நான் அழுத்தவில்லை. அதைவிடக் கொடுமையான வேலை என் வாழ்நாளில் எனக்கு வரவில்லை.

மஃறூப்புக்கே படியில் ஏறும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். தலையைத் திருப்பினார். கை நிறையச் செருப்பு இருந்தது, நிலத்தில் இன்னும் சில சோடி கிடந்தன. உள்ளே பாய்ந்திருக்கலாம். பாய்ந்தால் கதவு மூடுவதை அவன் கண்டிருப்பான். மஃறூப் உள்ளே இருந்தவர்களிடம் ஏதோ சொன்னார், கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார், செருப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி நடைக்கூடத்தின் மறுகோடிக்கு, ஆவண அறைப் பக்கம் ஓடினார். படி ஏறி வந்தவன் ஓடுகிற மனிதனைத்தான் பார்த்தான். சுட்டான். பிறகு அவரை நோக்கியே நடந்தான். ஹோல் கதவைக் கடந்து போனான். மிச்சமாகக் கிடந்த செருப்புகளை அவன் பார்க்கவேயில்லை, பார்வை முழுக்க மஃறூப்பில் இருந்தது. ஆவண அறை வாசலில் பொலிஸ் அவனைப் பிடித்தது.

ஹோலுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள்.

மஃறூப் கதவைச் சாத்தும்போது என்ன சொன்னார் என்று சாரதாவிடம் கேட்டேன். "திறாங்கப் போடுங்க அக்கா. நான் தட்டினாலும் திறக்காதீங்க." அதுதான் அவர் பேசிய கடைசி வார்த்தை. அவருடைய சொந்தச் செருப்பு, பழுப்பு நிறத் தோல் செருப்பு, ஹோலுக்குள் சுவர் ஓரத்தில் சோடி சேர்த்து வைத்தபடி இருந்தது. அதை நான்தான் மூதூருக்குக் கொண்டுபோய் ஹாஜராவிடம் கொடுத்தேன்.

விசாரணைக்குக் கம்பனி மூன்று பேரை வைத்தது. கமராப் பதிவில் ஒரு மனிதன் கதவைத் திறந்து செருப்பு எடுப்பது தெரிகிறது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கண் இருந்தது, கால் வெறுங்காலாக இருந்ததைப் பார்க்க அந்தக் கண்ணுக்கு மனம் வரவில்லை.

"உயிர் போற நேரத்தில ஆராவது செருப்பு எடுக்கப் போவினமோ?" என்று ஒருவர் கேட்டார்.

"தன்ரய எடுக்கேல்ல. எங்கடய எடுத்தவர்," என்றார் சாரதா. "அவர்ர செருப்பு உள்ளுக்கு இருந்தது. நான் என்ர கண்ணால கண்டனான்."

"நீங்கள் பயத்தில இருந்திருப்பீங்கள்."

நானும் சொன்னேன். செருப்பை வெளியே விடக் கூடாது என்று அவரிடம் சொன்னது நான், அவர் செய்தது அதைத்தான் என்றேன். அப்படி ஓர் அறிவுறுத்தல் எழுத்தில் இல்லையே என்றார்கள். எழுத்தில் எப்படி இருக்கும்? எழுதினால் பலகையைப் பற்றியும் எழுத வேண்டும். பலகையைப் பற்றி எழுதினால் 'பார்ப்பம்' என்றது யார் என்று கேள்வி வரும். செத்தவன் வந்து மறுத்துப் பேச மாட்டான், பழியை அவன் தலையில் வைப்பது லேசு. அறிக்கையில் பலகை இல்லை, காப்பட் இல்லை. 'தனது பாதணிகள்' மட்டும் இருக்கிறது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அறிக்கையின் கதை பஸ்ஸேறி மூதூருக்கும் போய்ச் சேர்ந்தது. சந்தையில் ஒருவன் ஹாஜராவின் காதுபடவே சொன்னானாம்: "செருப்புக்குச் செத்த மனுசன்." நம் சனத்துக்குச் செருப்பைவிடக் கேவலமான பொருள் உண்டா? அதற்காக உயிரை விட்டான் என்பதைவிடக் கேவலமான பேச்சு உண்டா? ஹாஜரா அழுத குரலில் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"சேர், அவர் ஏன் செத்தார் எண்டு எழுத வேணாம். செருப்புக்குச் செத்தார் எண்டு எழுதினத மட்டும் வெட்டச் சொல்லுங்க. புள்ளைகள் பள்ளிக்கூடம் போகணும்."

அதைக் கேட்டு நான் போனேன், எழுதினேன், காத்திருந்தேன். தேநீர் கிடைத்தது. 'பார்ப்பம்' கிடைத்தது. இடையில் எனக்கு ஓய்வும் வந்தது. பிரியாவிடையில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள், அதைப் பாலையூற்று வீட்டில் இன்னும் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

இப்போது தர்சினியின் அழைப்பு. ஹோலுக்கு 'மஃறூப் ஞாபகார்த்த மண்டபம்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஹாஜராவையும் அழைத்திருக்கிறார்களாம்.

"பலகையைக் கழட்டச் சொல்லுங்கோ. அறிக்கையில இருந்து அந்த வசனத்தை வெட்டச் சொல்லுங்கோ. நான் வாறன்," என்றேன்.

"நான் கதைச்சனான் சேர். பார்ப்பம் எண்டவை."

போகாமல் விட்டிருப்பேன். ஹாஜரா கூப்பிட்டார். "நீங்க வாறண்டா நானும் வாறன் சேர். தனியப் போக ஏலா." போனோம்.

இரண்டாம் மாடி. பலகை போயிருந்தது, உண்மைதான். அதன் இடத்தில் பித்தளையில் புதுப் பலகை. 'காலஞ்சென்ற மஃறூப் அவர்களுக்கு மரியாதை செலுத்தும் முகமாக, பாதணிகளைக் கழற்றிவிட்டு உட்செல்லவும்.' எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கீழே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நான் சப்பாத்தோடு உள்ளே போனேன். ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். ஹாஜரா தன்னுடைய செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

ஜீ.எம். இப்போது பணிப்பாளர். தலை நரைத்திருக்கிறது, குரல் அதே மென்மை. திரையில் கமராப் படம் விழுந்தது. கதவு, குந்தியிருக்கும் மஃறூப். மேலே சிவப்பில், 'தவிர்க்க வேண்டிய தவறு'.

"மஃறூப் எங்கட குடும்பத்தில ஒருத்தர்," என்றார். "தங்கமான மனிசன். ஆனா அண்டைக்கு ஒரு சின்னப் பிழை விட்டிட்டார். தன்ர பொருளை எடுக்கக் கதவைத் திறந்தார். நாங்கள் அதில இருந்து படிக்க வேணும்."

நான் எழும்பப் போனேன். ஹாஜரா என் கையை ஒருமுறை தொட்டார், பிறகு தான் எழும்பி வெளியே போனார். அழப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு பெண் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்னால் போக எழும்பினார்.

ஹாஜரா அழவில்லை. கைநிறையச் செருப்புகளோடு திரும்பி வந்தார். குனிந்து, சுவர் ஓரத்தில், காப்பட்டின் மேல், சோடி சோடியாக வைத்தார். திரும்பப் போனார். திரும்ப அள்ளிக்கொண்டு வந்தார். ஜீ.எம். பேச்சை நிறுத்திவிட்டார். வெளியே ஒன்றும் இல்லாமல் போகும்வரை அவர் எடுத்தார். கடைசியில் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி நின்றார்.

"அண்டைக்கு அவருக்கு எல்லாத்தையும் எடுக்க நேரம் கிடைக்கல்ல சேர். மிச்சத்த நான் எடுத்துட்டன்." மூச்சு வாங்கியது. சுவர் ஓரத்தைக் கையால் காட்டினார். "அண்டைக்கு அவர் எடுத்ததும் இதே மாதிரி எல்லாருடயதும்தான். அதுல எது அவர்ர செருப்பு? நீங்க படம் வச்சிருக்கீங்க. காட்டுங்க."

ஜீ.எம். திரையைப் பார்த்தார். பிறகு காப்பட்டைப் பார்த்தார். வாசலுக்குப் பக்கத்தில் நின்ற பியோனிடம் திரும்பி, அதே மென்மையோடு சொன்னார்: "தம்பி, அந்தச் செருப்புகளை வெளியில எடுத்து வையுங்கோ."

பியோன் அசையவில்லை. வெறுங்காலோடு இருந்த சனம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து சாரதா எழும்பினார். ஒருவரையும் பார்க்காமல் நடந்துபோய், திறாங்கைப் போட்டுவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.